நெட்டுக்குப்பத்தான் நேர்காணலில் தோற்பதேன்?

கொற்றலையாறு கடலோடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தில் மணல்மேட்டின்மேல் அமர்ந்திருக்கிறது நெட்டுக்குப்பம். அதன் கரையில் நின்று சுற்றிலும் நோக்குவான் கண்ணிற் படுபவை புகைபோக்கிகள், பளுதூக்கிகள், நிலக்கரிக் குவியல்கள், எண்ணெய்க் கொள்கலங்கள், சரக்குக் கப்பல்கள். இத்தனை ஆலைகளை இத்தனை அருகில் காணும் மீனவக் குப்பம் தமிழ்நாட்டில் வேறொன்று இருத்தல் அரிது. ஆயினும் அக்குப்பத்தில் பட்டயமும் பட்டமும் பெற்ற இளைஞன் வேலை தேடிப் பேருந்தேறித் திருவொற்றியூரும் இராயபுரமும் கடந்து, சென்னை நடுவில் ஏதோவொரு மாடியில் நடக்கும் நேர்காணல் பயிற்சிக் கூடத்துக்குப் போகிறான். வேலை அவன் வீட்டு வாயிலில் நிற்கிறது. அவ்வேலையைக் கேட்பது எப்படி என்று கற்க அவன் பத்துப் பன்னிரண்டு கல் தொலைவு போகிறான். இதை இயல்பென்று கருதுமளவுக்குத் தமிழ்நாடு மரத்துப் போயிருக்கிறது.

அக்கூடத்தில் அவனுக்கு முதற்பாடமாகப் புகட்டப்படுவது, குறை அவனிடத்தில் இருக்கிறது என்பதே. அவன் நிற்கும் முறை குறை. கைகுலுக்கும் முறை குறை. உடுக்கும் உடை குறை. எல்லாவற்றிற்கும் மேலாக அவன் நாக்குக் குறை. 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்' என்று கேட்டால் ஒப்பிக்க வேண்டிய விடையை அச்சடித்தே கொடுத்துவிடுகிறார்கள். அவ்விடையில் கடல் இல்லை, கழி இல்லை, அவன் தந்தையின் படகு இல்லை. கடும் உழைப்பாளி, குழுவோடு ஒத்துழைப்பவன், தலைமைப் பண்புடையவன் என்று, முன்பின் அறியாத எவனோ ஒருவனைப் பற்றிய புகழ்மாலை அயன்மொழியில் தொடுக்கப்பட்டிருக்கிறது. தன்னைத் தானே புகழ்தல் இழுக்கென்று வளர்க்கப்பட்ட பிள்ளை அதை இரவெல்லாம் நெட்டுருப் போடுகிறான். நெட்டுக்குப்பத்தானுக்கு நெட்டுருவே கல்வியாக்கப்பட்டுவிட்டது!

அவனை உண்மையிலேயே அறிய விரும்புவோர் கேட்க வேண்டிய வினாக்கள் வேறு. வாடைக்கும் கொண்டலுக்கும் கடல் எவ்வாறு மாறுபடும் என்று கேட்கலாம். வன்னி, தெண்டி, ஒலினி என்று சென்னைக் கரையோர மீனவர் நீரோட்டங்களைப் பிரித்து வழங்கும் பெயர்களைக் கேட்கலாம். கழிமுகத்தில் மணல் எந்தத் திங்களில் அடைக்கும், எப்போது திறக்கும் என்று கேட்கலாம். நடுக்கடலில் நின்றுபோன படகுப் பொறியைக் கையிலுள்ள இரண்டு கருவிகளைக் கொண்டு எவ்வாறு மீண்டும் ஓட்டுவது என்று கேட்கலாம். துறைமுகமும் கப்பலும் வைத்து வாணிகம் செய்வோர்க்கு இவ்வறிவு பயன்படாது என்று சொல்வார் உளரோ? ஆனால் இவ்வினாக்கள் எந்த நேர்காணலிலும் எழுவதில்லை. எழுந்தால் மேசைக்கு இப்பால் இருப்பவன் ஆசிரியனாகவும் அப்பால் இருப்பவன் மாணவனாகவும் ஆகிவிட நேரும்.

இன்னோர் இழிவும் உண்டு. அதில் தமிழ் மேடைகளுக்கும் பங்குண்டு. எண்ணூர், காசிமேடு என்று முகவரி சொன்னவுடனே முகஞ்சுளிக்கும் நோய் சென்னையில் பழைய நோய். வடசென்னையான் வாய்த்தமிழைத் திரைப்படம் நகைப்புக்குரியதாக்கியது; தூய தமிழ் பேசுவதாகப் பெருமைப்பட்டோரும் கூடவே நகைத்தனர். நகைத்தோர் ஒன்றை எண்ணிப் பார்க்கவில்லை. வாடை, கொண்டல், மடவை, துடுப்பு, கட்டுமரம் என்று கடற்றொழிலின் தமிழைக் கலப்பின்றிக் காத்து வைத்திருப்பவன் அக்குப்பத்தான்தான். கட்டுமரம் என்னும் அவன் சொல்லை ஆங்கிலமே கடன் வாங்கிக் கொண்டது. கடன் வாங்கியவன் மொழி தெரியவில்லையென்று கடன் கொடுத்தவன் இன்று வாயிலில் தடுக்கப்படுகிறான்.

இவ்வட்டாரத்தின் ஆலை வரலாறு சுருக்கமானது. 1948-இல் தொடங்கப்பெற்ற அசோக் நிறுவனம் எண்ணூரில் ஊர்தி செய்தது. 1950-களில் திருவொற்றியூரில் என்ஃபீல்டு ஈருருளி வந்தது. 1965-இல் நடுவணரசும் அமெரிக்க நிறுவனமொன்றும் ஈரான் நாட்டு எண்ணெய் நிறுவனமும் கூடி அமைத்த மணலித் தூய்விப்பாலை 1969-இல் எண்ணெய் பிரிக்கத் தொடங்கியது. 1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையம். 1994-இல் வடசென்னை அனல்மின் நிலையம். 2001-இல் எண்ணூர்த் துறைமுகம். அதன்பின் வல்லூரும் காட்டுப்பள்ளியும். ஒவ்வொன்றும் வரும்போது வேலை வரும் என்றனர். சாம்பல் முதலில் வந்தது. கழியில் இறாலும் நண்டும் குறைந்தன. எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது; அதன் சாம்பல் மூடப்படவில்லை. ஒற்றி என்றால் அடகு. ஒற்றியூர் என்னும் பெயர் அவ்வூர்க்கு எப்பொருளில் வந்ததாயினும், இன்று அவ்வட்டாரம் முழுவதும் ஒற்றி வைக்கப்பட்ட நிலமாகத்தான் கிடக்கிறது. மீட்கும் நாள் குறிக்கப்படவில்லை.

தொடக்கக் கால ஆலைகளில் ஆளெடுத்த முறைக்கும் இற்றை முறைக்கும் உள்ள வேறுபாடு அறியத்தக்கது. கையில் தொழில் இருக்கிறதா என்று பட்டறையில் நிறுத்திப் பார்த்து எடுப்பது அன்று பெருவழக்கு. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிய காலத்தில் திரு.வி.க. தமிழில் பேசியே ஆலைத் தொழிலாளரைத் திரட்டினார். 1923-இல் இந்நாட்டின் முதல் மே நாளைச் சென்னைக் கடற்கரையில் கொண்டாடிய சிங்காரவேலர் மீனவக் குடியிற் பிறந்தவர். உழைப்பவன் மொழியே உழைப்பின் மொழி என்பதில் அன்று எவர்க்கும் ஐயம் இருக்கவில்லை. ஐயம் அலுவலறையில் தோன்றியது.

அதன் தோற்றுவாய்க்கும் ஆண்டு உண்டு. 1844-இல் ஆளுநர்த் தலைவர் ஆர்டிஞ்சு ஆணையொன்று பிறப்பித்தார்: அரசு வேலைக்கு ஆங்கிலக் கல்வி பெற்றவர்க்கே முன்னுரிமை. அன்று தொட்டு ஆங்கிலம் ஒரு மொழியாக இல்லாமல் வேலைச் சீட்டாக மாறியது. அறிவு வேறு, சீட்டு வேறு. சீட்டை அறிவென்று மயங்கிய மயக்கம் ஏறத்தாழ இருநூறு ஆண்டாக நீங்கவில்லை.

பழந்தமிழகத்தில் இத்தகைய அடைப்பு இருந்ததில்லை என்று சொல்லிக்கொள்வது இனிமையாக இருக்கும். ஆனால் அது உண்மையன்று. குடவோலைக்கு எடுத்துக்காட்டாக எல்லாரும் காட்டும் உத்தரமேரூர்க் கல்வெட்டைப் படித்தவர் அறிவர். முதற் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட அவை, பொறுப்பில் அமர்வோர்க்கு அகவை வரம்பு வைத்தன. கணக்குக் காட்டாதவனையும் அவன் உறவினரையும் விலக்கி வைத்தன. அம்மட்டில் போற்றத் தக்கனவே. ஆனால் அவ்வூர் பார்ப்பனர்க்குக் கொடையாக விடப்பட்ட ஊர். மறை ஓதும் அறிவும் அங்கே ஒரு தகுதியாக வைக்கப்பட்டிருந்தது. ஏரி வாரியத்துக்கும் அதுவே தகுதி! ஏரிக்கரையை வெட்டிக் கட்டியவனுக்கு அது வாய்க்காது என்பது வெட்டியவர்க்கும் தெரியும், வெட்டுவித்தவர்க்கும் தெரியும். தகுதி என்னும் சொல்லுக்குள் ஒரு மொழியை ஒளித்து வைத்துக் கதவடைக்கும் கலை அத்துணைப் பழையது. அன்று வடமொழி, பின்னர் ஆங்கிலம், இன்று அதனோடு இந்தி. கதவு ஒன்றே, பூட்டுத்தான் மாறுகிறது. வினைக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என்று ஈரதிகாரம் வகுத்த வள்ளுவர், அவ்விருபது குறளில் ஓரிடத்திலும் அவன் பிறமொழி பேசுவானா என்று கேட்டறியச் சொல்லவில்லை.

நடுவணரசு 2016 தொடக்கத்திலிருந்து கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்காணலையே நீக்கிவிட்டது. நேர்காணலில் ஓரவஞ்சனை நடக்கிறது என்பது அதற்குச் சொல்லப்பட்ட கரணியம். நன்று. ஆனால் நாவினால் கேட்ட வினாவை நீக்கியவர்கள் தாளில் கேட்ட வினாவின் மொழியை நீக்கினார்களா? 2019 சூலை 14-ஆம் நாள் அஞ்சற்காரர் முதலிய பணிகளுக்கு நடந்த தேர்வில் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருந்தது. தமிழ்நாட்டுத் தெருவில் தமிழ் முகவரி படித்து மடல் கொடுக்க வேண்டியவனுக்கு இந்தித் தாள்! மாநிலங்களவையில் கொந்தளிப்பு எழுந்தபின், இரண்டே நாளில் அமைச்சர் எழுந்து அத்தேர்வு நீக்கப்பட்டதாக அறிவித்தார். அதற்கு முன்னர் 2016 இறுதியில் நடந்த அஞ்சல் தேர்வு நினைவிருப்பவர் சிரிப்பதா அழுவதா என்று அறியார். தமிழ் எழுத்தையே அறியாத அரியானாக்காரர் தமிழ்த்தாளில் மிகுந்த மதிப்பெண் பெற்றுப் பட்டியலின் உச்சியில் நின்றனர்.

2021-இல் பொதுத்துறை வைப்பகங்களின் எழுத்தர் தேர்வைத் தமிழ் உள்ளிட்ட 13 மாநில மொழிகளில் நடத்த நிதியமைச்சு பரிந்துரைத்தது. 2024 முதல் நடுவண் காவற் படைகளின் காவலர் தேர்வும் அவ்வாறே தமிழிலும் வந்தது. இவற்றைப் பெருங்கொடை போலப் போற்றுவோர் உளர். போற்றுதற்கு முன் கணக்கொன்று போட வேண்டும். இன்று தமிழில் நடத்த முடிந்த தேர்வு முப்பதாண்டுக்கு முன்னும் நடத்த முடிந்ததே. இடைப்பட்ட காலத்தில் மொழியால் மட்டுமே தோற்று, அகவை வரம்பு கடந்து, கூலிக்குப் போனவர்களுக்கு எவர் விடை சொல்வார்? அவர்கள் தோல்விக்கு அவர்களே கரணியம் என்று அவர்தம் பெற்றோரும் நம்பினரே!

பொறியியற் பணிகளுக்கோ இன்றும் ஆங்கிலத்தில் மட்டும் நடக்கும் கேட் தேர்வின் மதிப்பெண்ணே பல பொதுத்துறை நிறுவனங்களின் வாயில். 2022-இல் நெய்வேலி நிறுவனம் அவ்வழியே 299 பொறியாளரைத் தேர்ந்தபோது, நிலம் கொடுத்த தமிழ்நாட்டார் புறந்தள்ளப்பட்டதைத் தமிழ்நாட்டுக் கட்சிகள் பலவும் கண்டித்தன. தமிழில் தேர்வு இருக்குமிடத்திலும் தொல்லை வேறு வடிவில் வருகிறது. 2025 மார்ச்சில் தொடர்வண்டி உதவி ஓட்டுநர் தேர்வுக்குத் தமிழ்நாட்டு இளைஞர்க்குத் தெலங்கானாவில் நடுவம் ஒதுக்கினர். வினா தமிழில், நடுவம் வேற்று மாநிலத்தில். வழிச்செலவுக்கு வட்டிக்கு வாங்கியவன் தேர்வு அறையில் வட்டியை எண்ணுவானா, வினாவை எண்ணுவானா?

இவையெல்லாம் நிலையான வேலைக்குரிய பேச்சு. எண்ணூர் வட்டாரத்தில் நிலையான வேலையென்பது ஆண்டுதோறும் அருகி வருகிறது. ஆலையின் முன்வாயிலில் நேர்காணல், பின்வாயிலில் ஒப்பந்தக்காரன். பின்வாயிலில் ஆங்கிலம் கேட்பாரில்லை, தன்னைப் பற்றிச் சொல்லச் சொல்வாரில்லை; நாளை வா என்பதும் வராதே என்பதுமே அங்கு வழங்கும் இரு தொடர்கள். ஒப்பந்தத் தொழிலாளரை ஒழுங்குபடுத்தவும் ஒழிக்கவும் என்று 1970-இல் ஒரு சட்டம் வந்தது. 2001-இல் உச்ச முறைமன்றம், ஒப்பந்த முறை ஒழிக்கப்பட்டாலும் அத்தொழிலாளரைத் தாமாகவே நிலையாக்க வேண்டியதில்லை என்று தீர்த்தது. ஒழிக்க வந்த சட்டம் தொழிலாளியையே ஒழித்தது.

அப்பின்வாயிலில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞனும் நிற்கிறான். அவனை வைதுவிட்டு வீடு திரும்புவது எளிது. அதில் எந்த ஆலை முதலாளிக்கும் ஒரு காசும் குறையாது. அவன் தன் ஊரில் வேலையற்று, தகரக் கொட்டகையில் பத்துப் பேரோடு படுத்து, குறைந்த கூலிக்கு உடன்பட்டவன். அவனைக் கொண்டுவந்தவன் ஒப்பந்தக்காரன்; அவ்வொப்பந்தக்காரன் பெரும்பாலும் தமிழன். தமிழன் கூலி கேட்பான், சங்கம் வைப்பான், உள்ளூரான் ஆதலால் ஊரையே கூட்டுவான் என்பதால்தான் தமிழன் வேண்டா என்கிறான் அந்தத் தமிழன். பகை எங்கிருக்கிறது என்று கண்டறியாத சினம் பயனற்ற சினம்.

நெட்டுக்குப்பத்தாரை நேர்காணலே இன்றி அழைத்த வேலை ஒன்று உண்டு. 2023 திசம்பர்த் தொடக்கத்தில் மிக்சாங் புயல் வெள்ளத்தோடு மணலித் தூய்விப்பாலைப் பக்கமிருந்து எண்ணெய் வழிந்து, பக்கிங்காம் வாய்க்கால் வழியே எண்ணூர்க் கழியில் பரவியது. நெட்டுக்குப்பத்திலும் அடுத்துள்ள குப்பங்களிலும் படகும் வலையும் கருகின. அவ்வெண்ணெயை அள்ள மீனவரையே அழைத்தனர். தொடக்க நாள்களில் கையுறையும் முகமூடியும் பலர்க்கு இல்லை. குவளையாலும் வாளியாலும் அள்ளினர். 2017 சனவரி இறுதியில் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதியபோதும் கரையில் ஒதுங்கிய எண்ணெயை வாளியால்தான் அள்ளினர். அங்கே எவரும் ஆங்கிலம் கேட்கவில்லை. தலைமைப் பண்பு உண்டா என்று கேட்கவில்லை. அவ்வெண்ணெயைப் பிரித்தெடுக்கும் அறையில் அமரத் தகுதியற்றவன், அது கொட்டிப்போனால் அள்ளத் தகுதியுடையவன் என்று தேர்ந்த அவ்விரண்டு தேர்வையும் நடத்தியது ஒரே குமுகாயம்.

இனித் தமிழ்நாட்டரசு. 2022 சூலையில் நடந்த நான்காம் தொகுதித் தேர்வுக்கு, தொடக்கத்தில் அறிவித்த 7,301 இடத்துக்கு 22 இலக்கம் பேர் விண்ணப்பித்தனர். ஓரிடத்துக்கு முந்நூறு பேர். வேலைவாய்ப்பகத்தில் பதிந்து வைத்துக் காத்திருந்தோர் அவ்வாண்டில் 70 இலக்கத்தைத் தாண்டினர். தமிழ்வழியிற் படித்தோர்க்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு என்று 2010-இல் சட்டம் வந்தது. அரசுப் பணித் தேர்வில் தமிழ்த்தாள் கட்டாயம் என்று 2021 திசம்பரில் ஆணை வந்தது. இரண்டும் வரவேற்கத் தக்கன. ஆனால் தனியார் ஆலைகளில் தமிழ்நாட்டார்க்கு 75 விழுக்காடு என்று 2021 தேர்தலில் தி.மு.க. கொடுத்த உறுதிமொழி அறிக்கையிலேயே தங்கிவிட்டது. அரியானா அத்தகைய சட்டம் செய்து, 2023 நவம்பரில் அம்மாநில உயர்முறைமன்றத்தில் தோற்றது. தோற்றாலும் செய்து தோற்றது. செய்யாமலே தோற்கும் திறன் தமிழ்நாட்டுக்கே உரியது போலும்! மாறாக, 2022-இல் தொடங்கிய திறன் பயிற்சித் திட்டத்துக்கு 'நான் முதல்வன்' என்று நல்ல தமிழில் பெயர் சூட்டி, அதற்குள் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியை வைத்தது அரசு. பலகையில் தமிழ், பாடத்தில் ஆங்கிலம். தமிழ்நாட்டுத் தமிழின் நிலையே அதுதான்.

ஆங்கிலம் தெரிந்தால் நல்லதுதானே என்பார் உளர். நல்லதே, அதை மறுப்பார் எவருமில்லை. கப்பலோடு வானொலியில் பேசி வழிகாட்டுவோனுக்கு ஆங்கிலம் வேண்டும். தவறாகக் கேட்டால் உயிர் போகும். அவனை ஆங்கிலத்தில் ஆய்ந்து எடுப்பது முறையே. ஆனால் பற்றவைப்போனுக்கும் பொருத்துநனுக்கும் பளுதூக்கி இயக்குவோனுக்கும் அது எதற்கு? இவர்கள் நாள் முழுவதும் பேசப்போவது பக்கத்தில் நிற்கும் தமிழனோடு. செருமானியன் செருமானியத்திலும் சப்பானியன் சப்பானியத்திலும் நேர்காணல் கண்டுதான் உலகுக்கு ஊர்தி விற்கிறான். திருப்பெரும்புதூரில் ஆலை அமைக்கக் கொரியர் வந்தபோது, தமிழ் தெரியவில்லை என்று அவர்களை எவரும் திருப்பி அனுப்பவில்லை. மொழிபெயர்ப்பாளர் வைத்துக் கொடுத்தோம் என்று தமிழ்நாடு பெருமைப்பட்டது. வெளிநாட்டானுக்குக் கிடைத்த மொழிபெயர்ப்பாளன் உள்ளூரானுக்கு ஏன் கிடைக்கவில்லை?

அரசும் ஆலையும் தாமாகத் திருந்தும் என்று காத்திருக்கத் தேவையில்லை. நெட்டுக்குப்பத்து இளைஞன் கையில் இன்றே ஒரு கருவி இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் ஆறாம் பிரிவில், ஆங்கிலம், இந்தி மட்டுமன்றி அவ்வட்டாரத்தின் ஆட்சிமொழியிலும் விண்ணப்பம் எழுதலாம் என்கிறது. கட்டணம் பத்து உருபா. துறைமுகமும் தூய்விப்பாலையும் அனல்மின் நிலையமும் அரசு நிறுவனங்களாதலால் அச்சட்டத்துக்கு உட்பட்டவை. முப்பது நாளுக்குள் விடை தந்தாக வேண்டும். பயிற்சிக் கூடத்தில் ஒரு நாளுக்குக் கொடுக்கும் காசில் பல விண்ணப்பம் போடலாம்.

அதில் கேட்க வேண்டியவை இவை. இந்நிறுவனத்தில் நிலைப்பணியாளர் எத்தனை பேர், ஒப்பந்தத்தார் எத்தனை பேர்? கடந்த பத்தாண்டில் எடுத்த நிலைப்பணியாளருள் திருவொற்றியூர், பொன்னேரி வட்டத்தார் எத்தனை பேர்? நிலமும் கடலும் இழந்தோர்க்கு வேலை தருவதாகச் செய்த உடன்படிக்கையின் படி எங்கே? தேர்வும் நேர்காணலும் எம்மொழியில் நடந்தன? தமிழில் நடத்தக் கூடாதென்று ஆணை ஏதும் உண்டாயின் அதன் எண்ணும் நாளும் யாவை? பற்றவைப்போன் பணிக்கு ஆங்கிலம் தேவையென்று முடிவு செய்தவர் எவர், எக்கோப்பில்?

நெட்டுக்குப்பத்தில் ஆண்டுதோறும் பள்ளி முடிக்கும் ஒவ்வொருவனும் ஒவ்வொருத்தியும் ஆளுக்கொரு நிறுவனத்துக்கு இவ்வாறு தமிழில் எழுதட்டும். அஞ்சலகம் எண்ணூரிலேயே இருக்கிறது.